பார்வைகள் சோறு போடாது: பாலக்காட்டு எல்லையில் தொழில்நுட்பத் திரைப்பதிவுப் பாடங்கள்

கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கேரள எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உணவுப்பொருள் தொழிற்சாலைகளும் நெருக்கமாக நிற்கும் பகுதி. 2015-ல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐஐடியும் இதன் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களிடையே தமிழ்க் குரல் தாராளமாகக் கேட்கும். சிலர் கோவையிலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் வந்துபோகிறவர்கள். சிலர் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள்.

இரவு ஷிப்டில் ஒரு பேக்கிங் இயந்திரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புப் பிரிவில் அந்த நேரத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். இயந்திரத்தை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவிக்குள் ஓடும் நிரலைப் பார்த்தால்தான் எந்த சென்சார் சிக்னல் தரவில்லை என்று தெரியும். மடிக்கணினியை இணைக்கிறார். கருவி திரையில் தென்படவே இல்லை. கைப்பேசியை எடுத்து யூடியூபில் தேடினால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு மணி நேரப் பாடங்கள் வரிசை கட்டி வருகின்றன. முதல் பத்து நிமிடம் பிஎல்சி என்றால் என்ன என்ற முன்னுரைக்கே போய்விடுகிறது. அவருக்கு வேண்டியது நான்கு நிமிடம். தன் மொழியில், தன் முன்னால் இருக்கும் அதே திரையில்.

அந்த நான்கு நிமிடத்தை எப்படித் தயாரிப்பது, அதற்கு யார் பணம் தருவார்கள் என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பருக்கான தமிழ்ப் பாடத்தில் வருமானம் பார்வை எண்ணிக்கையிலிருந்து வராது. நின்றுபோன இயந்திரத்தால் யாருக்கு நஷ்டமோ, அவரிடமிருந்துதான் வரும். இந்தக் கணக்குப் பிடிபடாமல், சந்தாதாரர் எண்ணிக்கையையே பார்த்துப் பார்த்துச் சோர்ந்து, நல்ல பாடங்களை நடுவிலேயே நிறுத்திய திறமைசாலிகள் இந்தப் பகுதியிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கைவிட்டது நமக்குப் பெரிய இழப்பு.

முன்னால் போனவர்கள்

கணினித் திரையில் நடப்பதை அப்படியே பதிந்து, அதன்மேல் குரல் கொடுத்து விளக்கும் திரைப்பதிவு (ஸ்கிரீன்காஸ்ட்) முறைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1990களில் லோட்டஸ் நிறுவனம் ஸ்கிரீன்கேம் என்ற பதிவு மென்பொருளை விற்றது. 2002-ல் டெக்ஸ்மித் நிறுவனத்தின் காம்டேசியா வந்தது. 2012-ல் இலவச மென்பொருளான ஓபிஎஸ் வெளியான பிறகு, பதிவு செய்வதற்குப் பணம் ஒரு தடையாக இல்லாமல் போயிற்று.

இதைச் சம்பாதிக்கும் தொழிலாக முதலில் நடத்திக் காட்டியவர்கள் மென்பொருள் நிரலாளர்கள். ஜெஃப்ரி குரோசன்பாக் 2006-ல் தொடங்கிய பீப்கோட், ஒரு பாடத்தை ஒரு பொருளாகத் தனித்தனியே விற்றது. 2013-ல் அதை ப்ளூரல்சைட் என்ற இணையப் பயிற்சி நிறுவனம் வாங்கிக்கொண்டது. ரயான் பேட்ஸ் 2007 முதல் ரெயில்ஸ்காஸ்ட்ஸ் என்ற பெயரில் வாரம் ஒரு சிறு பாடத்தை இலவசமாக வெளியிட்டார். 2011-ல் கட்டணப் பிரிவைச் சேர்த்தார். 2013-ல் புதிய பாடங்கள் வருவது நின்றது. இன்னொரு பக்கம், 1995-ல் தொடங்கிய லிண்டா டாட் காம் என்ற இணையப் பாட நிறுவனத்தை 2015-ல் லிங்க்ட்இன் 150 கோடி டாலருக்கு வாங்கியது.

இவற்றில் நமக்கு அதிகம் உதவுவது பீப்கோட், ரெயில்ஸ்காஸ்ட்ஸ் ஆகிய சிறிய முயற்சிகள்தான். அந்தப் பாடங்களை வாங்கியவர்கள் பொழுதுபோக்குக்கு வாங்கவில்லை. திங்கள்கிழமை காலை அலுவலகத்தில் செய்தாக வேண்டிய ஒரு வேலைக்காக வாங்கினார்கள். ஒரு பாடத்தில் ஒரே ஒரு சிக்கல், அதுவும் சுருக்கமாக. வேலை தெரிந்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்துகாட்டும் உணர்வு அதில் கிடைத்தது. வாரம் ஒரு பாடம் என்ற ஓட்டத்தைத் தனி ஒருவர் எத்தனை ஆண்டுகள் தாங்க முடியும் என்ற கேள்வியும் அங்கிருந்தே நமக்குக் கிடைக்கிறது.

இந்தியாவில் வேறு ஒரு பாதையில் இது நடந்தது. மும்பை ஐஐடி பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், மத்திய அரசின் நிதியில், கட்டற்ற மென்பொருள்களுக்குச் சுமார் பத்து நிமிடத் திரைப்பதிவுகளைத் தயாரித்தது. அதன் செய்முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். முதலில் எழுத்துப் பிரதி தயாராகும். அதை, அந்த மென்பொருளைப் பற்றி எதுவும் தெரியாத புதியவர் ஒருவர் படித்து, அதன்படி செய்து பார்ப்பார். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பிரதி திருத்தப்படும். அதற்குப் பிறகுதான் பதிவு. கற்பவர் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறு பாதியில் மென்பொருளையும் வைத்துக்கொண்டு கூடவே செய்து பழக வேண்டும் என்பது அதன் அடிப்படை. திரைப்பதிவு ஒன்றே, அதன்மேல் தமிழ், மலையாளம் உட்பட இந்திய மொழிகளில் குரல் மட்டும் மாற்றிக் கொடுக்கப்பட்டது.

எல்லையில் இருப்பதன் ஆதாயம்

குரலை மட்டும் மாற்றும் இந்த வழி எல்லைப் பகுதிக்காரர்களுக்குக் கையில் கிடைத்த வரம் என்றே சொல்வேன். காமிரா முன் நின்று பேசும் ஆசிரியரின் வாயசைவை வேறு மொழிக்கு மாற்ற முடியாது. திரைப்பதிவில் முகமே இல்லை. கர்சர் நகர்கிறது, மெனு திறக்கிறது, எண் மாறுகிறது. கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்த ஒருவர் வீட்டில் தமிழும் பஸ்ஸில் மலையாளமும் பேசி வளர்ந்தவர். அதே பதிவுக்கு அவரே இரண்டு குரலும் கொடுக்கலாம். கூடுதல் வேலை ஒரு மாலை நேரம்தான். சந்தை இரண்டு மாநிலங்களாக விரிகிறது. ஒரே வீடியோவில் பல மொழி ஒலித்தடங்களைச் சேர்க்கும் வசதியை யூடியூப் 2023-ல் சிலருக்கும் 2025-ல் பரவலாகவும் கொடுத்திருக்கிறது.

இந்த இரட்டை மொழிப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. முன்பு கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த சித்தூர்ப் பகுதியும் கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுத கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ல் வழி செய்தது. 2020-ல் பள்ளிகள் மூடியிருந்தபோது கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், ஃபர்ஸ்ட் பெல் என்ற தொலைக்காட்சி வகுப்புகளை நடத்தியது. தமிழ்வழி, கன்னடவழி மாணவர்களுக்கும் வகுப்புகள் பதிவாகி வந்தன. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது. தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்து, ஐடிஐ படித்து, தொழிற்சாலைக்குள் நுழைபவருக்கு அதற்கு மேல் எந்த ஏற்பாடும் இல்லை. அவர் கையில் கொடுக்கப்படும் கையேடு ஆங்கிலத்தில் எண்ணூறு பக்கம் இருக்கும்.

எந்தத் தமிழில் பேசுவது என்ற கேள்விக்கு என் பதில் நேரானது. திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே சொல்ல வேண்டும். ஏன் அதை அழுத்துகிறோம் என்பதை நல்ல தமிழில் விளக்க வேண்டும். பார்ப்பவர் திரையில் தேடப்போவது ஆங்கிலப் பட்டனைத்தான். அதற்குப் புதிதாகக் கலைச்சொல் உருவாக்கிச் சொன்னால் அவர் எந்த இடத்தை அழுத்துவது என்று தெரியாமல் நிற்பார். காரணத்தைப் பாதி ஆங்கிலத்தில் முழுங்கிவிட்டாலோ பட்டன் மட்டும் தெரியும், வேலை தெரியாது.

நான்கு நிமிடத்துக்குள் என்ன இருக்க வேண்டும்

மேலே சொன்ன இரவு ஷிப்டுச் சிக்கலையே எடுத்துக்கொள்கிறேன். கருவி சீமென்ஸ் எஸ்7-1200. அதன் நிரலைத் திறந்து பார்க்கும் மென்பொருள் டியா போர்ட்டல். மடிக்கணினியில் ஈதர்நெட் கேபிள் செருகியாகிவிட்டது, கருவி தென்படவில்லை. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான். கருவியின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், 192.168.0.1 என்றால், மடிக்கணினியின் முகவரியும் அதே வரிசையில் இருக்க வேண்டும், எடுத்துக்காட்டாக 192.168.0.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. மடிக்கணினி தானாக வேறு முகவரியை எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் சந்திக்காது. இன்னொரு காரணம், மென்பொருள் எந்த நெட்வொர்க் அட்டை வழியாகத் தேடுகிறது என்பது. கேபிள் ஈதர்நெட்டில் இருக்கும். மென்பொருளில் தேர்ந்தெடுத்திருப்பது வைஃபையாக இருக்கும். தேடல் ஓடும், பட்டியல் காலியாக வரும்.

இந்தப் பாடத்தைப் பதிவு செய்பவர் பொதுவாக எல்லாவற்றையும் முன்பே சரிசெய்து வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் இணைத்துக் காட்டிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும், பயன் இருக்காது. காலியான பட்டியலிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும். ‘உங்கள் திரையில் இப்படித்தானே தெரிகிறது?’ என்பது முதல் வாக்கியமாக இருந்தால், பார்ப்பவர் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்காருவார். பிறகு தவறான நெட்வொர்க் அட்டையோடு தேடிக் காட்டி, அதை மாற்றி, மீண்டும் தேடி, கருவி தோன்றுவதைக் காட்ட வேண்டும். இறுதியாக, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை கொடுத்துக் கேபிளே பழுதா என்று பார்க்கும் வழியைச் சொல்லி முடித்துவிடலாம். பிழைச் செய்தியை வெட்டி எறிபவர் பாடத்தின் உயிரையே வெட்டி எறிகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது திரையின் அளவு. இந்தப் பாடங்களைப் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள மடிக்கணினித் திரையை அப்படியே பதிந்தால், டியா போர்ட்டலின் பக்கப் பலகைகளில் உள்ள எழுத்து கைப்பேசியில் எறும்பளவாகிவிடும். விண்டோஸின் திரை அளவீட்டை 150 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும். வேண்டாத பலகைகளை மூட வேண்டும். எண் மாறும் இடத்தில் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். பெரிதாக்க ஜூம்இட் என்ற இலவசக் கருவி போதும். கர்சரை ஓயாமல் சுழற்றிக்கொண்டே பேசும் பழக்கத்தையும் விட வேண்டும். பேசும்போது கர்சர் நிற்கட்டும், கர்சர் நகரும்போது பேச்சு குறையட்டும்.

ஒலிக்குப் பாலக்காட்டில் தனிக் கவனம் தேவை. கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருக்கும் மாதங்களில், தகரக் கூரை வீட்டில் மாடி அறையில் பதிவு செய்வது வீண். துணி நிறைந்த அலமாரி இருக்கும் கீழறை, மின்விசிறி நிறுத்தம், வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் காமிரா வாங்குபவர்கள் மைக்கில் மிச்சம் பிடிக்கிறார்கள்; இது தலைகீழ். படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் எதிரொலித்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவத்தில் பதிவு செய்தால், நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும். குரலைத் தனித்தடத்தில் வைத்தால் பிறகு மலையாளத்துக்கு மாற்றுவது எளிது.

மென்பொருள் உரிமத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். திருட்டுப் பிரதியில் பாடம் எடுத்து அதை விற்பது, தன் பெயரிலேயே சாட்சியம் பதிவு செய்து வைப்பதற்குச் சமம். டியா போர்ட்டலுக்கு 21 நாள் சோதனை உரிமம் கிடைக்கிறது. பிரதிகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டால் அந்த நாட்களுக்குள் ஒரு தொகுதியைப் பதிந்துவிடலாம். பிஎல்சி நிரலாக்கத்தின் அடிப்படைக்கு கோடிசிஸ் உருவாக்க மென்பொருள் இலவசம். வரைபடத்துக்கு ஃப்ரீகேட், மின்சுற்றுப் பலகைக்கு கீகேட் என்று கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இவற்றில் பாடம் எடுத்தால் கற்பவரும் வீட்டில் செலவில்லாமல் செய்து பழகலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது யூடியூப் விளம்பரம். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. சேர்ந்த பிறகு, நீளமான வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 சதவீதம் தயாரித்தவருக்கு. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். 2021 ஜூன் முதல் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் தொகைக்கு அந்நாட்டு வரி பிடிக்கப்படுகிறது. வரி விவரப் படிவம் கொடுக்காதவர்களுக்குப் பிடித்தம் கூடும்.

இந்த ஏற்பாடு கூட்டத்துக்கானது. சமையல் குறிப்புக்கும் திரைப்பட விமர்சனத்துக்கும் கூட்டம் உண்டு. எஸ்7-1200 கருவி மடிக்கணினியில் தென்படவில்லை என்று தமிழில் தேடுபவர்கள் ஒரு மாதத்தில் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? அந்தச் சிலருக்கு அந்தப் பாடம் தங்கம். ஆனால் விளம்பரக் கணக்கில் தங்கத்துக்கும் தவிட்டுக்கும் ஒரே படிதான். ஆகவே யூடியூபை ஊரறிய வைக்கும் பலகையாக வைத்துக்கொள்ளலாம். வயிற்றுப்பாட்டை அதன்மேல் வைக்கக் கூடாது. நல்ல பாடங்களில் சிலவற்றை முழுமையாக, கஞ்சத்தனம் இல்லாமல் அங்கே இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தி மீதிக்குப் பணம் கேட்பவரை இரவு ஷிப்டுக்காரர் மறக்கவும் மாட்டார், மன்னிக்கவும் மாட்டார்.

இரண்டாவது வழி யுடெமி போன்ற பாடச் சந்தைகள். அங்கே ஒருவர் தானாகத் தேடி வந்து வாங்கினால் ஆசிரியருக்கு 37 சதவீதம். ஆசிரியர் கொடுத்த இணைப்பு வழியாக வாங்கினால் 97 சதவீதம். வரி போக 499 ரூபாய்க்கு ஒரு பாடம் விற்றதாக வைத்துக்கொண்டால் முதல் வகையில் சுமார் 185 ரூபாய், இரண்டாவதில் சுமார் 484 ரூபாய். இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகாவது, கூட்டத்தைத் திரட்டும் வேலையைச் சந்தையே செய்துவிடும் என்ற நம்பிக்கையை விட வேண்டும். தமிழில் எடுக்கும் குறுகிய துறைப் பாடத்துக்கு ஆளைக் கூட்டி வருவது எப்படியும் ஆசிரியர்தான்.

மூன்றாவது, சொந்தமாக விற்பது. யுபிஐ வந்த பிறகு இது எளிதாகிவிட்டது; பணம் வந்ததும் இணைப்பை அனுப்பினால் போதும். பயம் ஒன்றுதான்: வாங்கிய ஒருவர் டெலிகிராம் குழுவில் போட்டுவிட்டால்? போடத்தான் செய்வார்கள். பூட்டு மேல் பூட்டுப் போட்டால் நேர்மையாக வாங்கியவருக்குத்தான் தொல்லை. திருட முடியாததை விற்பதே நல்லது. பயிற்சிக்கான நிரல் கோப்புகளைக் கொடுக்கலாம். வாரம் ஒரு மாலை சந்தேகம் கேட்க நேரம் ஒதுக்கலாம். மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் திருத்திய பாடத்தை அனுப்பலாம். ‘அண்ணா, என் இயந்திரத்தில் இந்த எண் வருகிறது, படம் அனுப்பியிருக்கிறேன்’ என்று கேட்டால் பதில் வரும் என்ற உறுதிக்காகத்தான் பலர் பணம் கட்டுகிறார்கள். வீடியோ அந்த உறுதியின் ஒரு பகுதி.

நான்காவது வழியைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். அது நிறுவனங்களுக்காகச் செய்து கொடுப்பது.

கோவையில் இயந்திரம் கட்டிக் கேரளத்துக்கு அனுப்பும் சிறு நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தை நிறுவி, ஓட்டிக் காட்டி, ஆபரேட்டருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவிட்டு இன்ஜினீயர் திரும்பிவிடுவார். மூன்று மாதத்தில் அந்த ஆபரேட்டர் வேறு வேலைக்குப் போய்விடுவார். புதிதாக வந்தவருக்கு எச்எம்ஐ எனப்படும் தொடுதிரையில் அளவை எங்கே மாற்றுவது என்று தெரியாது. ‘சார், அந்த அலாரம் மறுபடியும் வந்துவிட்டது, எதை அழுத்த வேண்டும்?’ என்று போன் வரும். போனில் விளங்காவிட்டால் ஓர் ஆள் நேரில் வர வேண்டும்: வண்டிச் செலவு, ஒரு நாள் சம்பளம், இங்கே நின்றுபோன உற்பத்தி.

இந்த இடத்தில் ஐந்து நிமிடத் திரைப்பதிவு ஒன்று என்ன விலை பெறும் என்று யோசித்துப் பாருங்கள். எச்எம்ஐ திரைகளைக் கணினியிலேயே சிமுலேஷனில் ஓட்டிப் பதிவு செய்ய முடியும். தொழிற்சாலைக்குள் போகக்கூடத் தேவையில்லை. அளவு மாற்றுவது ஒன்று, அலாரத்தைப் படித்து நீக்குவது ஒன்று, பொருள் மாறும்போது செட்டிங்கை மாற்றுவது ஒன்று என்று ஓர் இயந்திரத்துக்கு ஏழெட்டுச் சிறு பாடங்கள் போதும். அவற்றுக்குப் போகும் கியூஆர் குறியீட்டைப் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடலாம். தமிழிலும் மலையாளத்திலும் நாமே குரல் கொடுக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து வேலை செய்பவர்களுக்கு இந்திக் குரல் ஒன்றை இன்னொருவரிடம் வாங்கிச் சேர்க்கலாம். பாதுகாப்புக் கதவு திறந்திருக்கும்போது எதைத் தொடக் கூடாது என்பதைத் தன் மொழியில் ஒருவர் கேட்பது அவருடைய கைவிரல்களைக் காக்கும் விஷயம். அதனால் இந்த வேலையை வெறும் வியாபாரமாக நான் பார்க்கவில்லை.

இதற்கு மணிக்கணக்கில் கூலி கேட்கக் கூடாது. நேரில் ஓர் ஆளை அனுப்ப ஒரு முறைக்கு எவ்வளவு ஆகிறது, ஆண்டுக்கு எத்தனை முறை போகிறார்கள் என்று நிறுவனத்தையே கணக்குப் போடச் சொல்லி, அதிலிருந்து விலையைப் பேச வேண்டும். முன்பணம் பாதி, பிரதியை அவர்கள் ஒப்புக்கொண்டபின் பதிவு, கொடுத்தவுடன் மீதி. பிரதியை ஒப்புக்கொள்ளும் கட்டத்தை விட்டுவிட்டால் பதிவு முடிந்த பிறகு திருத்தம் திருத்தமாக வந்து லாபம் முழுவதும் கரையும். பாலிடெக்னிக்குகளும் ஐடிஐக்களும் வாங்கலாம்தான். அவர்களுடைய காசோலைக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

சட்டமும் வரியும்

சம்பளத்துக்கு இருந்துகொண்டே பாடம் எடுப்பவர்கள் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியின் பகுதியாக உருவாக்கிய படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். வேலை நேரத்தில், கம்பெனி மடிக்கணினியில், கம்பெனி இயந்திரத்தின் நிரலைத் திறந்துவைத்துப் பதிவு செய்த பாடம் யாருடையது என்ற வழக்கு வந்தால் ஊழியர் பக்கம் பலவீனமாகத்தான் இருக்கும். சொந்தக் கணினி, சொந்த நேரம், பாடத்துக்காகவே எழுதிய மாதிரி நிரல் என்று பிரித்துவைத்துக்கொள்வது நல்லது. வாடிக்கையாளரின் பெயர், வரைபட எண், நெட்வொர்க் முகவரிகள், திரையின் மூலையில் எட்டிப்பார்க்கும் மின்னஞ்சல் அறிவிப்பு, எல்லாம் பதிவாகிவிடும். பதிவு தொடங்கும் முன் இணையத்தைத் துண்டித்துவிடுவது பாதுகாப்பு.

சரக்கு சேவை வரியில் எல்லைக்காரர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டில் விற்றால் மாநிலம் தாண்டிய சேவை ஆகிவிடுமே, உடனே பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்கள். சேவைகளைப் பொறுத்தவரை, ஆண்டு மொத்த வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, மாநிலம் தாண்டி விற்றாலும் பதிவு கட்டாயமில்லை. இதற்கான விலக்கு 2017-லேயே கொடுக்கப்பட்டது. அதைத் தாண்டினால் இத்தகைய பயிற்சிக்கு வரி 18 சதவீதம். அப்போது 499 ரூபாய் என்று வரியும் சேர்த்து விலை வைத்திருந்தால், கைக்கு வருவது சுமார் 423 ரூபாய். விலையை நிர்ணயிக்கும் முதல் நாளே இதை மனத்தில் வைக்க வேண்டும். வருமான வரி இதிலிருந்து தனி. அதற்கு ஒரு கணக்காளரைப் பார்ப்பதே முறை.

பாடத்துக்கும் ஆயுள் உண்டு

டியா போர்ட்டலின் 17ஆம் பதிப்பு 2021-ல் வந்தது, 18ஆம் பதிப்பு 2022-ல், 19ஆம் பதிப்பு 2023-ல். புதிய பதிப்பில் சேமித்த திட்டத்தைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. தொழிற்சாலைகளோ பழைய பதிப்பை ஆண்டுக்கணக்கில் விடுவதில்லை. எனவே பழைய பாடத்தை அழித்துவிட்டுப் புதியதைப் போடுவது தவறு. தலைப்பிலேயே பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, இரண்டையும் வைத்திருக்க வேண்டும். தேடி வருபவருக்குத் தன் திரையும் பாடத்தின் திரையும் ஒன்றாக இருப்பதே முக்கியம்.

மாற்றம் பெரும்பாலும் பாடம் முழுவதையும் தொடாது. ஐபி முகவரி பற்றிய விளக்கம் பத்து ஆண்டானாலும் அப்படியேதான் இருக்கும். மெனு இருக்கும் இடம்தான் மாறும். விளக்கத்தையும் சொடுக்குகளையும் தனித்தனித் துண்டுகளாகப் பதிந்துவைத்தவர் இரண்டு நிமிடத்தை மட்டும் மாற்றுவார். ஒரே நீளமாகப் பதிந்தவர் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும். எழுத்துப் பிரதி, வெட்டாத மூலப் பதிவு, மொழிவாரியான குரல் கோப்புகள், பயிற்சிக்கான மாதிரி நிரல் ஆகிய நான்கையும் பதிப்பு எண்ணோடு ஒரு கோப்புறையில் வைத்து, வேறொரு வன்தட்டில் நகலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களுக்குச் செய்து கொடுக்கும்போது இந்தப் பராமரிப்பையும் முதல் ஒப்பந்தத்திலேயே தனி வரியாக எழுதிவிடலாம். இயந்திரத்தில் ஒரு திரை மாறினால் அதற்கான பாடம் இத்தனை நாளில், இன்ன தொகைக்குத் திருத்தித் தரப்படும் என்று இருந்தால் போதும். இயந்திரங்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுப் பழகியவர்கள் இதை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்தச் சிறு தொகைகள் நான்கைந்து நிறுவனங்களிலிருந்து சேர்ந்துவிட்டால், இரவு ஷிப்டுக்காரருக்கான பாடங்களை இலவசமாகவே எடுத்துக்கொண்டிருக்க முடியும்.